வீடு 350 சதுர அடி... வரவேற்பறை தெருமுனை 'பார்'! - பார்சிலோனாவின் 'தாப்பாஸ்' வாழ்க்கை

'பார்' என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற இடமா அது?

ஸ்பெயினில் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம். காலையில் பாட்டி காபியும் சுட்ட ரொட்டியும் சாப்பிடுகிற இடம் பார். பள்ளி விட்டு வரும் பேரனுக்குச் சூடான பால் கிடைப்பதும் அங்கேதான். மதியம் தொழிலாளியின் சாப்பாடு, மாலையில் கால்பந்து மேட்ச், ஞாயிற்றுக்கிழமை மாமா, சித்தி, குழந்தைகள் என்று மொத்தக் குடும்பமும் கூடுவது... எல்லாம் தெருமுனை பாரில். மதுவும் உண்டுதான். ஆனால், சாப்பாட்டுக்குத் துணையாக ஒரு சின்னக் கோப்பை. தள்ளாடுகிற அளவுக்குக் குடிப்பவரை அங்கேயும் யாரும் ரசிப்பதில்லை.

அந்த பார்களில் சின்னச் சின்னத் தட்டுகளில் வருகிற பதார்த்தங்களுக்குப் பெயர்தான் 'தாப்பாஸ்'. ஒரு தட்டில் நான்கு உருளைக்கிழங்குத் துண்டு, இன்னொன்றில் ஆறு இறால், மூன்றாவதில் ஊறிய ஆலிவ் காய். நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துச் சாப்பிடுவார்கள். இன்று உலகின் பெரிய நகரங்களில் எல்லாம் 'தாப்பாஸ் ரெஸ்டாரன்ட்' இருக்கிறது. மங்கலான விளக்கு, மர மேசை, சுவரில் நீல ஓடுகள் என்று அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால், இந்தச் சாப்பாட்டு முறை எதற்காக வந்தது, ஏன் இன்று அதன் சொந்தத் தெருக்களிலேயே மூச்சு வாங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள, பார்சிலோனா நகரத்தின் கடலோரப் பகுதியான பார்சிலோனெட்டாவுக்குப் போக வேண்டும்.

கால் வீட்டுக் குடும்பங்கள்

துறைமுகத்துக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே முக்கோணமாக நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் பார்சிலோனெட்டா. 1753-ல் கட்டத் தொடங்கிய குடியிருப்பு இது. அதற்கு முன், கோட்டை கட்டுவதற்காக நகரத்தின் ரிபேரா பகுதியில் ஏராளமான வீடுகளை இடித்துத் தள்ளியிருந்தார்கள். கோடு போட்டதுபோல நேரான தெருக்கள், குட்டையான வீடுகள் என்று புதிய குடியிருப்பு எழுந்தது. மீனவர்கள், கப்பல் தொழிலாளிகள் குடியேறினார்கள். அடுத்த நூற்றாண்டில் இயந்திரத் தொழிற்சாலைகள் வந்தன. ஆள் பெருக, இடம் பெருகவில்லை.

என்ன செய்தார்கள்? வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள். அதுவும் போதாமல் நான்காக்கினார்கள். மேலே மாடிகளை ஏற்றினார்கள். உள்ளூர் கட்டலான் மொழியில் இந்த வீடுகளுக்குப் பெயரே 'கால் வீடு'தான். ஒரு கால் வீட்டின் அளவு சுமார் 30 முதல் 35 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 350 சதுர அடி. அதற்குள் சமையல், படுக்கை, தாத்தா பாட்டி, பிள்ளைகள் எல்லாம்.

விருந்தாளி வந்தால் உட்கார வைக்க வீட்டில் இடம் ஏது? அதனால் வாழ்க்கை வாசலுக்கு வந்தது. கோடையில் நாற்காலியைத் தெருவில் போட்டு உட்கார்ந்தார்கள். சொந்தக்காரர்களைப் பார்க்க, பொண்ணு மாப்பிள்ளை விஷயம் பேச, சண்டை போட, சமாதானமாக... எல்லாவற்றுக்கும் தெருமுனை பார். வீட்டில் இல்லாத ஹால் அங்கே கிடைத்தது.

எல்லா ஸ்பானிஷ் ஊர்களும் இவ்வளவு நெரிசல் இல்லை என்பது உண்மை. ஆனாலும், 'வீட்டுக்கு வாங்க' என்பதைவிட 'பாருக்கு வாங்க' என்று அழைப்பதே அந்த நாட்டில் இயல்பான பழக்கம்.

மூடி வைத்த தட்டு

ஸ்பானிஷ் மொழியில் 'தாப்பா' என்றால் மூடி. (நம் கதவுத் தாப்பாளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) கோப்பைக்குள் ஈ விழாமல் இருக்க அதன் மேல் ஒரு ரொட்டித் துண்டையோ இறைச்சித் துண்டையோ வைத்து மூடித் தந்தார்கள், அதுவே பிறகு தனிப் பதார்த்தமானது என்று கதை சொல்வார்கள். இதற்கு ராஜா கதையும் உண்டு. மன்னர் 13-ம் அல்போன்ஸோ காடிஸ் கடற்கரையில் ஒரு விடுதிக்கு வந்தாராம். காற்றில் மணல் பறக்க, பரிமாறுபவர் சமயோசிதமாக ஒரு துண்டு பன்றி இறைச்சியால் கோப்பையை மூடினாராம். ராஜாவுக்கு அது பிடித்துப்போய், 'இன்னொன்று கொண்டு வா, அதே மூடியோடு' என்றாராம். 13-ம் நூற்றாண்டு மன்னர் 10-ம் அல்போன்ஸோ பெயரிலும் வேறொரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆதாரம் கேட்டால்தான் சிக்கல்.

எப்படித் தொடங்கியிருந்தாலும், ஊருக்கு ஊர் இதற்கு ஒரு குணம் உண்டு. தெற்கே கிரனாடாவில் ஒரு பானம் வாங்கினால் ஒரு தட்டு இலவசமாக வரும். இரண்டாவது பானத்துக்கு வேறு தட்டு. என்ன வரும் என்பதை பெரும்பாலும் கடைக்காரரே முடிவு செய்வார். செவில் நகரத்தில் 1670-ல் தொடங்கிய 'எல் ரிங்கோன்சியோ' என்ற கடையில், நீங்கள் சாப்பிட்டதை மர மேடை மீதே சாக்பீஸால் எழுதிக் கூட்டிச் சொல்வார்கள். மாட்ரிட்டில் 1860-ல் திறந்த 'காஸா லாப்ரா'வில் காட் மீன் பஜ்ஜி பிரபலம். அங்கேதான் 1879-ல் ஸ்பெயினின் சோஷலிஸ்ட் தொழிலாளர் கட்சி ரகசியமாகத் தொடங்கப்பட்டது. அந்தக் கட்சி பிறகு நாட்டையே ஆண்டது. மீன் பஜ்ஜியும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

வடக்கே பாஸ்க் பகுதியில் ரொட்டித் துண்டின் மேல் பதார்த்தத்தை வைத்துக் குச்சி குத்தித் தருவார்கள். பெயர் 'பின்ச்சோ'. பல கடைகளில் தட்டில் மிஞ்சிய குச்சிகளை எண்ணித்தான் பில். ஆலிவ், ஊறுகாய் மிளகாய், நெத்திலி மூன்றையும் குச்சியில் கோத்த ஒரு பின்ச்சோவுக்கு 'கில்டா' என்று பெயர். 1946-ல் ரீட்டா ஹேவொர்த் நடித்து வந்த ஹாலிவுட் படத்தின் பெயர் அது. காரமும் உப்பும் புளிப்பும் கலந்த கதாநாயகி என்று ரசிகர்கள் நினைத்திருக்க வேண்டும்!

'போம்பா' வெடித்த கதை

பார்சிலோனெட்டாவுக்குத் திரும்புவோம். அந்தப் பகுதியின் அடையாளப் பதார்த்தம் 'போம்பா'. ஸ்பானிஷில் வெடிகுண்டு என்று அர்த்தம். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்குக்குள் மசாலா இறைச்சியை வைத்து, பந்துபோல உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தெடுக்க வேண்டும். மேலே பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துக் கடைந்த வெள்ளைச் சாஸ். அதற்கு மேல் சிவப்பாக ஒரு காரச் சாஸ். நம்மூர் போண்டாவுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்.

இதைக் கண்டுபிடித்த பெருமை 1944-ல் தொடங்கிய 'லா கோவா ஃபுமாடா' என்ற குடும்பக் கடைக்குச் சேரும். 'புகை சூழ்ந்த குகை' என்று பொருள். வாசலில் பெயர்ப் பலகை இல்லை என்பதே பல ஆண்டுகள் அதன் அடையாளம். சலவைக்கல் மேசைகள், மர மது பீப்பாய்கள், சுவரில் கரும்பலகையில் எழுதிய மெனு. குடும்பத்துப் பெண் ஒருவர் 1950-களில் இந்த உருண்டையைச் செய்து கொடுக்க, சாப்பிட்டவர் காரம் தாங்காமல் 'இது வெடிகுண்டு!' என்று கத்தியதாகச் சொல்வார்கள். பேரப்பிள்ளைகள் தலைமுறை வரை அந்தக் குடும்பமே கடையை நடத்தி வந்திருக்கிறது. துறைமுகத் தொழிலாளிகளுக்காகத் தொடங்கிய கடை என்பதால் காலையிலேயே மீனும் கொண்டைக்கடலையும் தட்டில் ஏறிவிடும். இரவுக்கு அங்கே வேலை குறைவு.

போம்பாவில் இருக்கும் உருளைக்கிழங்கு, காரத்துக்கான மிளகாய், சாஸுக்கான தக்காளி மூன்றுமே ஐரோப்பாவுக்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து போனவை. 1492-ல் கிளம்பிய கொலம்பஸ் திரும்பி வந்து, 1493-ல் ராஜா ராணியைச் சந்தித்தது இதே பார்சிலோனாவில்தான். துறைமுகத்தருகே உயரமான தூண் மீது அவர் சிலை நிற்கிறது. அதே மிளகாய் போர்த்துக்கீசியர் கப்பலில் இந்தியாவுக்கும் வந்து நம் குழம்பில் விழுந்தது. தாப்பாஸ் சாப்பிடும் நம்மவர்களுக்கு ஏதோ தெரிந்த ருசிபோலத் தோன்றினால் ஆச்சரியம் வேண்டாம்.

கடை எவ்வளவு சின்னதாக இருக்கலாம்? அதே நகரின் போப்லே செக் பகுதியில் 1914-லிருந்து ஒரே குடும்பம் நடத்தும் 'கிமெத் இ கிமெத்' கடையில் சமையலறையே கிடையாது. உட்கார நாற்காலியும் இல்லை. கூரை வரை பாட்டில் அடுக்கு. டின்னில் அடைத்த மீன், சிப்பி, கூனைப்பூ இவற்றை ரொட்டி மேல் அடுக்கிக் கண்ணெதிரே தருவார்கள். ஸ்பெயினில் டின் உணவு என்றால் மட்டம் என்று நினைக்கக் கூடாது. நல்ல டின் மீன் அங்கே விருந்துப் பொருள்.

எப்படிச் சாப்பிடுவது?

முதல் விதி, மொத்தத்தையும் ஒரே தடவையில் ஆர்டர் செய்யாதீர்கள். இரண்டு தட்டு சொல்லுங்கள். சாப்பிடுங்கள். பேசுங்கள். பிறகு இன்னும் இரண்டு. பக்கத்து மேசையில் எது போகிறது என்று எட்டிப் பார்ப்பது அங்கே அநாகரிகம் இல்லை. கையைக் காட்டி 'அதே மாதிரி' என்று கேட்கலாம்.

அளவும் மூன்று விதம். ஒரு வாய், இரண்டு வாய்க்கு 'தாப்பா'. இரண்டு பேருக்கு 'மேதியா ராஸியோன்', அதாவது அரைத் தட்டு. மூன்று, நான்கு பேர் என்றால் 'ராஸியோன்', முழுத் தட்டு. தனித்தனித் தட்டில் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் குறைவு. முள்கரண்டியோடு நடுத்தட்டுக்கே போக வேண்டியதுதான். கடைசித் துண்டை யாரும் எடுக்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது அந்த ஊரிலும் நடக்கும். 'வெட்கத்துண்டு' என்றே அதற்கு ஸ்பானிஷில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இறால் பிரியர்களுக்கு 'கம்பாஸ் அல் அஹீயோ'. சின்ன மண்சட்டியில் ஆலிவ் எண்ணெய், சீவிய பூண்டு, வற்றல் மிளகாய், இறால். அடுப்பிலிருந்து மேசைக்கு வரும்போதும் எண்ணெய் 'சடசட'வென்று பொரிந்துகொண்டிருக்கும். இறால் தீர்ந்த பிறகு சட்டியில் நிற்கும் பூண்டு எண்ணெயில் ரொட்டியை முக்கித் துடைத்துச் சாப்பிடுவதுதான் உண்மையான பகுதி. அந்த எண்ணெயை மிச்சம் வைப்பவரைச் சமையல்காரர் கொஞ்சம் வருத்தத்தோடுதான் பார்ப்பார்.

சைவமா? திண்டாட வேண்டியதில்லை, ஆனால் கவனம் தேவை. பொரித்த உருளைக்கிழங்கின் மேல் காரச் சாஸ் ஊற்றிய 'பட்டாட்டாஸ் பிராவாஸ்' எல்லா பாரிலும் கிடைக்கும். ரொட்டியில் பழுத்த தக்காளியைத் தேய்த்து உப்பும் எண்ணெயும் விட்டுத் தருவது கட்டலான் வீடுகளின் தினசரி உணவு. காலி தட்டில் ரொட்டியையும் தக்காளியையும் தனியாகக் கொண்டு வைத்துவிட்டு, 'நீங்களே தேய்த்துக்கொள்ளுங்கள்' என்று போய்விடும் கடைகளும் உண்டு. தெற்கே போனால் கத்திரிக்காயை மெல்லிசாக நறுக்கிப் பொரித்துக் கரும்புப்பாகு ஊற்றுவார்கள். கீரையும் கொண்டைக்கடலையும் சீரகத்தோடு சமைத்தது செவில் ஸ்பெஷல். முட்டை சாப்பிடுவோருக்கு உருளைக்கிழங்கு ஆம்லெட், அதாவது 'தோர்த்தியா'. அதில் வெங்காயம் சேர்க்கலாமா கூடாதா என்று ஸ்பெயின் முழுக்க இரண்டு கட்சி. பச்சைக் குடமிளகாய்போல வரும் 'பாத்ரோன்' மிளகாய்த் தட்டில் பத்துக்கு ஒன்று எதிர்பாராமல் காரமாக இருக்கும். குழந்தைகள் இருக்கும் மேசையில் அது ஒரு விளையாட்டு.

கவனம் ஏன் என்றால், 'காய்கறி' என்று சொல்லி வரும் தட்டிலும் பன்றி இறைச்சியான 'ஹமோன்' துணுக்குகளை ருசிக்காகத் தூவியிருப்பார்கள். அதை இறைச்சியாகவே பலர் கணக்கில் எடுப்பதில்லை! 'சின் ஹமோன்' (ஹமோன் இல்லாமல்) என்ற இரண்டு சொற்களை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. மது வேண்டாம் என்பவர்கள் 'மொஸ்தோ' கேட்கலாம். புளிக்காத திராட்சைச் சாறு. சிறுவர்களும் குடிப்பார்கள்.

நேரமும் நம் வயிற்றைச் சோதிக்கும். மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல். இரவு 9-க்கு முன் உணவகம் போனால் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். இதற்கு ஒரு காரணம் கடிகாரம். 1940-ல் சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சி ஸ்பெயினின் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி மத்திய ஐரோப்பாவோடு சேர்த்தது. போர் முடிந்தும் திரும்ப மாற்றவில்லை. சூரியன் ஒரு கணக்கு, கடிகாரம் ஒரு கணக்கு. அந்த நீண்ட இடைவெளியை நிரப்பத்தான் சின்னத் தட்டுகள் என்றும் சொல்லலாம்.

சாவி யார் கையில்?

இனி வருவது அவ்வளவு இனிப்பான பகுதி அல்ல.

1992 ஒலிம்பிக் போட்டிக்காக பார்சிலோனா தன் கடற்கரையைச் சீரமைத்தது. மணலை ஒட்டியிருந்த பழைய சாப்பாட்டுக் கடைகளை இடித்தார்கள். தொழிற்சாலை ஓரமாக இருந்த அழுக்குக் கடற்கரை, உலகம் தேடி வரும் கடற்கரையானது. கால் வீட்டின் மதிப்பு திடீரென்று ஏறியது. குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிட, டூரிஸ்ட்டுகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் லாபம் அதிகம். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத நிலை. வாரத்துக்கு ஒரு புது முகம், இரவெல்லாம் கூச்சல்.

2014 ஆகஸ்ட்டில் இளைஞர்கள் மூவர் பட்டப்பகலில் ஆடையே இல்லாமல் பார்சிலோனெட்டா தெருக்களில் சுற்றிய படம் வெளியானது. அடக்கி வைத்திருந்த கோபம் உடைந்தது. பகுதி மக்கள் நாள் கணக்கில் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அவர்கள் கோபம் மூன்று இளைஞர்கள் மீது மட்டும் அல்ல. தங்கள் தெரு ஹோட்டல் வராந்தாவாக மாறியதன் மீது.

அதே ஆண்டு டிசம்பர் 31-ல் இன்னோர் இடி. நாடு முழுக்கப் பழைய கடைகள் பலவும், வாடகையைப் பெரிதாக ஏற்ற முடியாத பழங்காலக் குத்தகையில் இருந்தன. 1994-ல் வந்த வாடகைச் சட்டம் இதற்கு 20 ஆண்டு அவகாசம் கொடுத்திருந்தது. அது அன்றோடு முடிந்தது. தாத்தா காலத்து வாடகையில் ஓடிய கடைகள் ஒரே இரவில் சந்தை வாடகையின் முன் நின்றன. பொம்மைக் கடை, மருந்துக் கடை, புத்தகக் கடை, பார்... பல கடைகள் ஷட்டரை இறக்கின. அந்த இடங்களுக்குப் பெரிய சங்கிலி நிறுவனங்கள் வந்தன.

பிறகு 2020 கொரோனா பூட்டு. அது முடிந்து நிமிர்ந்தால் வறட்சி. 2022-23 பருவத்தில் ஸ்பெயினின் ஆலிவ் எண்ணெய் உற்பத்தி முந்தைய பருவத்தில் பாதிகூட இல்லை. உலகிலேயே அதிகம் ஆலிவ் எண்ணெய் தயாரிக்கும் நாட்டில், எண்ணெய் பாட்டிலுக்குத் திருட்டுத் தடுப்புப் பூட்டு மாட்டின சூப்பர் மார்க்கெட்டுகள். எண்ணெயில் மிதக்கும் சட்டி இறாலைப் பழைய விலைக்கு எப்படிக் கொடுப்பது?

2024-ல் ஸ்பெயினுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 9.4 கோடி. நாட்டின் மக்கள்தொகை 5 கோடிக்கும் குறைவு. ஜூலையில் பார்சிலோனாவில் நடந்த ஊர்வலத்தில் சிலர் சாப்பிட்டுக்கொண்டிருந்த டூரிஸ்ட்டுகள் மீது தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சியடித்தது உலகச் செய்தியானது. விருந்தாளியை அப்படிச் செய்யலாமா என்றால் கூடாதுதான். வாடகை கட்ட முடியாமல் பிறந்த தெருவைவிட்டு வெளியேறியவர்கள் அதில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் நகர மேயர் ஜௌமே கொல்போனி, 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டு வரப்போவதாக அறிவித்திருந்தார். வீட்டு உரிமையாளர்கள் தரப்பு இதைக் கடுமையாக எதிர்க்கிறது.

பார் முதலாளிகளின் நிலைதான் இரண்டும் கெட்டான். டூரிஸ்ட் வந்தால் கல்லா நிறைகிறது. ஆனால், தினமும் காலையில் வந்து கணக்கில் எழுதச் சொல்லிப் போகும் பாட்டி, பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த மீனவர், மேட்ச் பார்க்க வரும் பக்கத்து மாடிப் பையன் ஆகியோர் மழைக்காலத்திலும் வருவார்கள். டூரிஸ்ட் வரமாட்டார்.

புதிய கைகள்

ஓர் ஆச்சரியமும் நடக்கிறது. 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, ஓய்வு பெற்ற ஸ்பானிஷ் முதலாளிகளின் பார்களைச் சீனாவிலிருந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய வாங்கின. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட, பல முதலாளிகளுக்கு வாரிசு இல்லை. வாங்கியவர்கள் மெனுவை மாற்றவில்லை. அதே தோர்த்தியா, அதே பிராவாஸ், அதே காபி. ஓரத்து மேசையில் வீட்டுப்பாடம் எழுதும் அவர்கள் பிள்ளைகள் வாடிக்கையாளரிடம் அக்மார்க் உள்ளூர் ஸ்பானிஷ் பேசுகிறார்கள்.

முதலில் முணுமுணுத்தவர்கள் உண்டு. 'சீனாக்காரர் பார்' என்று ஏளனமாகச் சொன்னவர்களும் உண்டு. ஆனால், காலை ஏழு மணிக்கு விளக்கு எரிகிற, விலை ஏற்றாத, பாட்டிக்குச் சர்க்கரை இல்லாத காபி வேண்டும் என்று நினைவு வைத்திருக்கிற கடை, பல தெருக்களில் இன்று அது ஒன்றுதான்.

ஸ்பெயின் போகிற வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், கடற்கரையைப் பார்த்த வரிசையைவிட்டு இரண்டு தெரு உள்ளே நடந்து பாருங்கள். வாசலில் சாப்பாட்டுப் படங்களோடு ஆறு மொழி மெனு இருந்தால் தாண்டிப் போங்கள். கரும்பலகையில் கையெழுத்து, மேடையில் சாய்ந்து பேப்பர் படிக்கும் ஒரு தாத்தா, ஓரமாகக் குழந்தை வண்டி... இவை இருந்தால் உள்ளே போகலாம். நுழைந்ததும் பொதுவாக எல்லோருக்கும் சேர்த்து ஒரு வணக்கம் சொல்வது அங்கே வழக்கம். சொல்லாவிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். சொன்னால் தாத்தா பேப்பரை இறக்கிவிட்டுப் பார்ப்பார், மேடையில் உங்களுக்கும் கொஞ்சம் இடம் நகர்ந்து கொடுப்பார்.